வழுவும் வரலாறும்

திறந்த மூல மென்பொருளைப் பற்றி எழுதுவோரும் பேசுவோரும் பெரும்பாலும் அது வழங்கும் உரிமைகளையே எடுத்துக் கூறுவர். அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், தமது தேவைக்கேற்ப மாற்றலாம், மாற்றியதைப் பிறர்க்கு வழங்கலாம், எந்நோக்கத்துக்கும் பயன்படுத்தலாம். இவை பெறுமதி மிக்க உரிமைகள் என்பதில் ஐயமில்லை. ஆயினும், அம்மூலநிரலைத் தமது கணினிக்கு இறக்கி, அதனை இயங்கும் மென்பொருளாகக் கட்டியெழுப்ப முதன்முறை முயலும் மாணவர் ஒருவரின் கண்முன் நிற்பவை இவ்வுரிமைகள் அல்ல. திரை நிறைய ஓடி, இடைநடுவில் நின்றுவிடும் வழுச் செய்திகளே அவரை எதிர்கொள்கின்றன.

இவ்வழுக்களைத் தொழினுட்பத் தொல்லைகள் என்று ஒதுக்கிவிடுவதே பொது வழக்கு. வல்லுநர் அவற்றைத் தீர்த்துக்கொள்வர், ஏனையோர் கைவிடுவர். ஆனால் யார் தொடர்கிறார், யார் கைவிடுகிறார் என்பது தற்செயலாக நிகழ்வதன்று. அருகிற் கேட்டறிய ஆளுள்ளவர் தொடர்கிறார். நல்ல இணைய வசதியுள்ளவர் தொடர்கிறார். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட செய்தியை அச்சமின்றிப் படிக்கப் பழகியவர் தொடர்கிறார். எழுத்தில் எல்லோர்க்கும் உரிய உரிமை, நடைமுறையிற் சிலரது இயலுமையாகச் சுருங்கிவிடுவதை நாம் வேறு துறைகளிலும் கண்டிருக்கிறோம். கல்வி யாவர்க்கும் இலவசம் என்று சட்டம் கூறிய பின்னரும், பாடசாலைக்குச் செல்லப் பாதையில்லாத கிராமத்தை அவ்வுரிமை எவ்வளவு தூரம் சென்றடைந்தது என்பதை ஆசிரியர்களாகிய நாம் அறிவோம்.

மென்பொருளைக் கட்டியெழுப்புகையில் தோன்றும் வழுக்களின் வரலாறு, உரிமைக்கும் இயலுமைக்கும் இடையிலுள்ள இந்த இடைவெளியின் வரலாறே என்பதும், அவ்விடைவெளியைப் பெருமளவு குறைத்தது பலரது கூட்டுழைப்பே என்பதும், அவ்வுழைப்பை நாம் மறந்தவிடத்துப் புதிய ஆபத்துகள் தோன்றின என்பதும் இக்கட்டுரையில் நாம் எடுத்துக்காட்ட விரும்பும் கருத்துகளாகும்.

முதலில், கட்டியெழுப்புதல் என்பது யாது என நோக்குவோம். மூலநிரல் மனிதர் எழுதி மனிதர் வாசிக்கும் வடிவம். கணினி அதனை நேரே விளங்கிக்கொள்ளாது. தொகுப்பி என்னும் கருவி அதனைப் பொறிமொழிக்கு மாற்றுகின்றது. இணைப்பி என்னும் மற்றொரு கருவி, மாற்றப்பட்ட துண்டுகளை ஒன்றாகப் பிணைக்கின்றது. அவ்வாறு பிணைக்கும்போது நிரலகங்களும் சேர்க்கப்படுகின்றன. எழுத்துகளைத் திரையில் வரைதல், படங்களைச் சுருக்குதல் போன்று பல மென்பொருள்களுக்கும் பொதுவான வேலைகளைச் செய்யும் ஆயத்தத் துண்டுகளின் திரட்டையே நிரலகம் என்கிறோம். இறுதியிற் பிறக்கும் கோப்புகள் கணினியின் உரிய கோப்புறைகளில் வைக்கப்படுகின்றன, இதுவே நிறுவுதல். பல மென்பொருள்களில் இவ்வளவு வேலையும் மூன்று கட்டளைகளில் அடங்கும்: முதலாவது ‘கொன்ஃபிகர்’, இரண்டாவது ‘மேக்’, மூன்றாவது ‘மேக் இன்ஸ்டோல்’. இம்மூன்றும் ஒரே நாளில் ஒருவர் வகுத்தவை அல்ல. ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்தில், ஒவ்வோர் இடர்ப்பாட்டுக்கு விடையாகத் தோன்றியது.

கணினித் தொழிலின் தொடக்கக் காலத்தில் மென்பொருள் தனி விற்பனைப் பண்டமாக இருக்கவில்லை. பொறியை வாங்கியவர்க்கு நிரல்களும் சேர்ந்தே கிடைத்தன. 1955 இல் ஐ.பி.எம். பொறிகளைப் பயன்படுத்தியோர் ‘ஷெயார்’ என்னும் பெயரில் ஒரு சங்கம் அமைத்துத் தாம் எழுதிய நிரல்களைத் தம்முட் பரிமாறிக்கொண்டனர். 1969 இல் ஐ.பி.எம். கம்பனி மென்பொருளையும் சேவையையும் பொறியிலிருந்து பிரித்துத் தனியே விலையிடப் போவதாக அறிவித்தது. மென்பொருள் விற்பனைப் பண்டமாக வளர்ந்ததில் இவ்வறிவிப்பு ஒரு திருப்புமுனை எனலாம். பண்டமான பின் அதன் மூலநிரல் வியாபார இரகசியமாகியதும் இயல்பே.

அதே 1969 ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் யுனிக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையை உருவாக்கத் தொடங்கினர். அவ்வாய்வுகூடத்தின் உரிமையாளரான ஏ.டீ.அன்ட்.டீ. தொலைபேசிக் கம்பனி, 1956 ஆம் ஆண்டின் நீதிமன்ற உடன்பாடொன்றினால் தொலைத்தொடர்புக்குப் புறம்பான வியாபாரத்தில் ஈடுபட முடியாதிருந்தது. ஆதலால் யுனிக்ஸ், அதன் மூலநிரலோடு, சிறு கட்டணத்துக்குப் பல்கலைக்கழகங்களுக்குக் கிடைத்தது. ஒரு கம்பனியின் தாராள மனத்தினால் அறிவு பரவியது என்று இதனைக் கொள்ளலாகாது. ஏகபோகத்துக்குச் சட்டம் இட்ட தடையே அறிவைப் பரவவிட்டது.

இதன் மறுபக்கத்தையும் ஆசிரியர்கள் அறிதல் நன்று. அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் கற்பித்த ஜோன் லயன்ஸ், 1976 இல் யுனிக்ஸ் ஆறாம் பதிப்பின் மூலநிரலைத் தம் மாணவர்க்காகத் தொகுத்து, அதற்கு உரையும் எழுதினார். 1979 இல் ஏழாம் பதிப்பு வந்தபோது அதன் உரிம ஒப்பந்தம், மூலநிரலை வகுப்பறையிற் பாடமாகக் கற்பிப்பதைத் தடை செய்தது. அதன்பின் லயன்சின் உரை, ஒளிப்பிரதியின் ஒளிப்பிரதியாக மாணவர் கைகளில் மறைவாக உலவியது. 1996 இலேயே அது முறைப்படி நூலாக வெளிவந்தது. ஒரு பாடநூல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தலைமறைவாக வாழ நேர்ந்த இச்செய்தி, அறிவுடைமை பற்றிய விவாதத்தில் நினைவிற் கொள்ளத்தக்கது.

இனி மேக் என்னும் கருவிக்கு வருவோம். பெல் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976 இல் இதனை ஆக்கினார். அவரது சகபாடியான ஸ்டீவ் ஜோன்சன், ஏற்கெனவே திருத்தப்பட்டுவிட்ட ஒரு நிரலில் வழுவைத் தேடி ஒரு காலைப் பொழுதை வீணாக்கியிருந்தார். மூலநிரலைத் திருத்தியாயிற்று, ஆனால் திருத்திய கோப்பை மீண்டும் தொகுக்கவில்லை, பழைய துண்டே இணைக்கப்பட்டிருந்தது. எக்கோப்பு எதனைச் சார்ந்துள்ளது என்பதை மனித ஞாபகத்திடம் ஒப்படைத்தமையே இதன் காரணம் என்பதை ஃபெல்ட்மன் உணர்ந்தார். சார்புகளை ஒரு கோப்பில் எழுதிவைத்தால், எது மாறியதோ அதனையும் அதனைச் சார்ந்தவற்றையும் மட்டும் மீளத் தொகுக்கும் பொறுப்பைக் கருவி ஏற்றுக்கொள்ளும். இதுவே மேக். இப்பணிக்காக 2003 இல் அமெரிக்கக் கணினியியற் சங்கமாகிய ஏ.சி.எம். அவருக்கு விருது வழங்கியது.

மேக் கோப்பிற் கட்டளை வரிகள் இடைவெளிகளால் அன்றி, ‘டாப்’ என்னும் விசையினால் வரும் குறியுடனேயே தொடங்கவேண்டும் என்பது அதன் விதி. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே போலத் தோன்றும். இடைவெளிகளை இட்டவர்க்குப் ‘பிரிகுறி காணப்படவில்லை’ என்ற பொருள்படும் வழுச் செய்தியே கிடைக்கும். கருவி தோன்றிச் சில வாரங்களுள், இவ்விதியை மாற்றலாமா என ஃபெல்ட்மன் எண்ணினார். ஆனால் அப்போதே ஏறத்தாழப் பன்னிரண்டு பேர் அதனைப் பயன்படுத்திக்கொண்டிருந்தமையால், அவர்கள் வேலையைக் குழப்ப விரும்பாது விட்டுவிட்டார். பன்னிருவர்க்காகக் காக்கப்பட்ட விதி, அதன்பின் தலைமுறை தலைமுறையாகப் பல்லாயிரவரை இடறி விழச் செய்தது. தொடக்கத்தில் எடுக்கப்படும் சிறு முடிவும், பலர் அதன்மேற் கட்டிவிட்ட பின் எளிதில் அசைக்கமுடியாத அமைப்பாகிவிடுகின்றது என்பதற்கு இது நல்லதோர் உதாரணம்.

மூலநிரல் மூடப்பட்டதற்கு எதிரான குரல் மசசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் எழுந்தது. 1980 அளவில் அங்குள்ள செயற்கை நுண்மதி ஆய்வுகூடத்துக்கு ஸெரொக்ஸ் கம்பனியின் அச்சுப்பொறி ஒன்று கிடைத்தது. கடதாசி சிக்கிக்கொண்டால் அதனைப் பயன்படுத்துவோர்க்கு அறிவிக்கும்படி முந்திய பொறியின் நிரலைத் திருத்தியிருந்த ரிச்சட் ஸ்டோல்மன், புதிய பொறிக்கும் அவ்வாறே செய்ய விரும்பினார். மூலநிரல் கிடைக்கவில்லை, அதனை வைத்திருந்தவர், வெளியிடுவதில்லை என்ற ஒப்பந்தத்தைக் காட்டி மறுத்தார். 1983 செப்டெம்பரில் ஸ்டோல்மன் க்னூ என்னும் திட்டத்தை அறிவித்தார். 1985 இற் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தோன்றியது. 1987 இற் க்னூவின் தொகுப்பி வெளிவந்தது. 1989 இற் பொது உரிமமாகிய ஜீ.பி.எல். எழுதப்பட்டது.

1991 ஆம் ஆண்டில் வெளிவந்த இவ்வுரிமத்தின் இரண்டாம் பதிப்பில் நமது பொருளுக்கு இன்றியமையாத ஒரு கூறு உண்டு. முழு மூலநிரல் என்பதை வரையறுக்குமிடத்து, நிரலின் வரிகளோடு, அதனைத் தொகுப்பதற்கும் நிறுவுவதற்கும் உரிய கட்டளைக் கோவைகளும் அதனுள் அடங்கும் என அது கூறுகின்றது. கட்டியெழுப்பும் வழியைத் தராது வரிகளை மட்டும் தருதல் முழுமையான ஈகையாகாது என்பதை உரிமத்தை எழுதியோர் நன்கு உணர்ந்திருந்தனர் என்பது இதனாற் புலனாகும்.

ஆயினும் அக்காலத்தில் வழி எளிதாக இருக்கவில்லை. ஏ.டீ.அன்ட்.டீ. கம்பனி 1984 இற் பிரிக்கப்பட்டபின், யுனிக்சை வியாபாரமாக்கும் தடை நீங்கியது. ஒவ்வொரு பொறி உற்பத்தியாளரும் தத்தமக்கென ஒரு யுனிக்சை விற்றனர். பேர்க்லி பல்கலைக்கழகத்தின் மரபு ஒருபுறமும், கம்பனியின் மரபு மறுபுறமும், இரண்டையும் கலந்தவை வேறொருபுறமும் நின்றன. ஒரே செயலுக்கு ஒன்றில் ஒரு பெயர், மற்றொன்றில் வேறு பெயர். ஒன்றில் உள்ள கோப்பு மற்றொன்றில் இல்லை. ஏட்டுக்கேடு மாறுபடும் பாடபேதங்களைக் கண்டு பதிப்பாசிரியர் திகைப்பது போல, ஒரு பொறியிற் செவ்வனே தொகுபட்ட நிரல் அடுத்த பொறியில் வழுப்பட்டு நிற்பதைக் கண்டு நிரலாசிரியர் திகைத்தனர். ஏடெழுதுவோரின் பிழையாற் பிறப்பவை பாடபேதங்கள். இங்கோ சந்தைப் போட்டியே பேதங்களைப் பிறப்பித்தது.

இப்பேதங்களைப் பயன்படுத்துவோரே கையாற் சரிசெய்யவேண்டியிருந்தது. 1984 இல் லாரி வோல், தமது செய்தி வாசிப்பு நிரலுடன், பொறியின் இயல்பைத் தானே ஆராய்ந்தறியும் கட்டளைக் கோவை ஒன்றையும் சேர்த்து வழங்கினார். 1991 ஜூன் மாதத்தில், க்னூ திட்டத்தின் பல சிறு கருவிகளைப் பராமரித்து வந்த டேவிட் மெக்கென்சி, அவற்றைப் புதிய பொறியில் நிறுவ விரும்புவோர் ஏறத்தாழ இருபது தெரிவுகளைத் தாமே செய்யவேண்டியிருப்பதைக் கண்டு, அவற்றை ஊகித்தறியும் ஒரு சிறு கோவையை எழுதினார். அதுவே வளர்ந்து 1992 இல் ஓட்டோகொன்ஃப் என்னும் கருவியாயிற்று. கொன்ஃபிகர் என்னும் முதற் கட்டளையின் பரவலான வடிவம் இதிலிருந்தே வந்தது.

இது செயற்படும் முறை நம் மாணவர்க்கு விளக்கத்தக்கது. இப்பொறி இன்ன பெயர் உடையது, ஆகவே இன்ன வசதி இருக்கும் என்று கொன்ஃபிகர் ஊகித்து அமைதியடைவதில்லை. ஒவ்வொரு வசதிக்கும் சில வரிகளில் ஒரு சிறு நிரலை எழுதுகின்றது. அதனைத் தொகுத்துப் பார்க்கின்றது. தொகுபட்டால் வசதி உண்டு, இல்லையேல் இல்லை என்று முடிவு செய்கின்றது. பெயரையோ புகழையோ நம்பாது பரிசோதனையையே நம்பும் விஞ்ஞான மனப்பான்மை இது. அப்பரிசோதனைகள் யாவும் கொன்ஃபிக்.லொக் என்னும் பதிவுக் கோப்பில் எழுதப்படுகின்றன. திரையிற் காணும் ‘கிடைக்கவில்லை’ என்ற ஒற்றைச் சொல்லின் உண்மைக் காரணம் அக்கோப்பிலேயே இருக்கும். வழு நேர்ந்தபோது கலங்கி நிற்பவர்க்கும் காரணம் காண்பவர்க்கும் உள்ள வேறுபாடு பல வேளைகளில் அப்பதிவைத் திறந்து படித்தமையும் படியாமையுமே ஆகும்.

அடுத்துத் தோன்றியது சார்புச் சிக்கல். 1991 இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கருவும் க்னூ கருவிகளும் சேர்ந்து முழு முறைமையாயின. மென்பொருள்கள் பெருகப் பெருக ஒன்று மற்றொன்றை நம்பி நிற்பதும் பெருகியது. ‘அ’ வைக் கட்ட ‘ஆ’ வேண்டும். ‘ஆ’ வைக் கட்ட ‘இ’ யின் குறித்த பதிப்பு வேண்டும். ‘ஈ’ யோ ‘இ’ யின் வேறொரு பதிப்பையே ஏற்கும். 1990களின் பிற்பகுதியில் லினக்சின் அடிப்படையான ‘சீ’ நிரலகமே ஐந்தாம் பதிப்பிலிருந்து ஆறாம் பதிப்புக்கு மாறியபோது, அதன்மேல் நின்ற யாவற்றையும் மீளக் கட்டவேண்டியதாயிற்று.

இச்சிக்கலுக்கு விடையாக எழுந்தவை பொதி முறைகள். 1993 ஓகஸ்டில் இயன் மர்டொக் தொடங்கிய டெபியன் இவ்வகையிற் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. தொண்டர்கள் ஒவ்வொருவரும் சில மென்பொருள்களின் பொறுப்பை ஏற்றனர். மூலநிரலை அவர்களே கட்டினர். வழுக்களை அவர்களே தீர்த்தனர். ஒவ்வொன்றும் எவற்றைச் சார்ந்துள்ளது என்பதைப் பொதியிலே எழுதிவைத்தனர். 1999 இல் வெளிவந்த டெபியன் பதிப்புடன் சேர்ந்த ஆப்ட் என்னும் கருவி, அச்சார்புகளைப் படித்து, வேண்டிய யாவற்றையும் வரிசைப்படி தானே கொணர்ந்து நிறுவியது. முன்னர் ஒவ்வொருவரும் தனித்தனியே பட்ட பாட்டை ஒருவர் ஒருமுறை பட்டு, அதன் பயனை எழுத்தில் வைத்து, ஏனையோர்க்கெல்லாம் அப்பாட்டை இல்லாமற் செய்தார். சமுதாய உழைப்பின் பயன் பொதுச் சொத்தாவதற்கு இதனினும் தெளிவான உதாரணம் காண்பது அரிது.

இங்கும் ஒரு பழைய தீர்மானம் புதியவரை இடறச் செய்வதுண்டு. இடம் சிக்கனமாக இருக்கவேண்டும் என்பதற்காக, ஒரு நிரலகத்தை இயக்குதற்குரிய கோப்புகள் ஒரு பொதியிலும், அதனைக்கொண்டு புதிதாகக் கட்டுதற்குரிய தலைப்புக் கோப்புகள் வேறொரு பொதியிலும் வைக்கப்பட்டன. மென்பொருளை இயக்க மட்டும் விரும்புவோர்க்கு இரண்டாவது தேவையில்லை. ஆதலின் ‘நிரலகம் நிறுவப்பட்டிருக்கிறதே, கொன்ஃபிகர் அதனைக் காணவில்லை என்கிறதே’ என்று மாணவர் முறையிடுவர். டெபியன் வழி வந்தவற்றில் ‘டெவ்’ என்றும், ரெட் ஹெட் வழி வந்தவற்றில் ‘டெவெல்’ என்றும் முடியும் பொதியை நிறுவுதலே இதற்குப் பரிகாரம். அவ்வாறே, கட்டி நிறுவிய பின் மென்பொருள் தன் நிரலகத்தைத் திறக்க முடியவில்லை என்று கூறுமாயின், நிரலகம் முறைமை வழமையாகத் தேடாத கோப்புறையிற் சென்று சேர்ந்திருக்கும். அல்லது முறைமையின் பட்டியல் புதுப்பிக்கப்படாதிருக்கும். ‘எல்டி.கொன்ஃபிக்’ என்ற கட்டளையால் அப்பட்டியலைப் புதுப்பித்தல் பெரும்பாலும் போதுமானது. இவை பெரிய மருமங்கள் அல்ல. ஆனால் சொல்வாரில்லாதவிடத்துச் சிறு தடையும் பெருமதிலாகின்றது.

உரிமையும் இயலுமையும் வேறாதல் கூடும் என்பதை 2000களில் மற்றொரு நிகழ்வு காட்டியது. டிவோ என்னும் தொலைக்காட்சிப் பதிவுப் பொறியில் லினக்ஸ் இயங்கியது. உரிமத்தின்படி அதன் மூலநிரலைக் கம்பனி வெளியிட்டது. அதனை எவரும் மாற்றலாம், கட்டலாம். ஆனால் கம்பனியின் ஒப்பம் இல்லாத நிரலைத் தனது பணத்தில் வாங்கிய பொறியிலேயே ஒருவரால் இயக்க முடியாதிருந்தது. சொல்லளவில் உரிமை காக்கப்பட்டது, பொருளளவிற் பறிக்கப்பட்டது. 2007 இல் வெளிவந்த உரிமத்தின் மூன்றாம் பதிப்பு, வீட்டுப் பாவனைக்குரிய பொறிகளில் மாற்றிய நிரலை நிறுவுதற்கு வேண்டிய தகவலையும் தரவேண்டும் என விதித்தது. டோர்வால்ட்ஸ் இதனை ஏற்கவில்லை. லினக்ஸ் கரு இரண்டாம் பதிப்பின் கீழேயே தொடர்ந்தது. நிறுவுதல் என்னும் வேலை எத்துணை அரசியல் உட்பொருள் கொண்டது என்பதை இவ்விவாதம் வெளிப்படுத்தியது.

பொதி முறைகளின் வெற்றி ஒரு முரண்பாட்டையும் கருக்கொண்டிருந்தது. கட்டியெழுப்பும் தொல்லை பெரும்பாலோர்க்கு நீங்கியது. அதனோடு, எது எதன்மேல் நிற்கிறது, அதனைத் தாங்குபவர் யார் என்ற அறிவும் நீங்கியது. 2016 மார்ச் 22 ஆந் திகதி, ஒரு சொல்லின் இடப்புறத்தை இடைவெளிகளால் நிரப்பும் பதினொரு வரி நிரல் ஒன்றை, அதன் ஆசிரியர் என்.பி.எம். என்னும் பொதிக் களஞ்சியத்திலிருந்து நீக்கினார். தமது மற்றொரு பொதியின் பெயரைக் கம்பனி ஒன்றின் வேண்டுகோளின்படி களஞ்சியத்தார் பறித்துக் கொடுத்தமைக்கு எதிர்ப்பாகவே தமது ஆக்கங்கள் யாவற்றையும் அவர் மீட்டுக்கொண்டார். உடனே உலகெங்கும், பெரிய நிறுவனங்களின் மென்பொருள்கள் உட்பட, எண்ணற்ற கட்டல் முயற்சிகள் வழுப்பட்டு நின்றன. சில மணி நேரத்துட் களஞ்சியத்தார் அப்பதினொரு வரிகளையும் மீள வைத்தனர். அதுவரை அவ்வரிகளை எழுதியவரை நினைத்தவர் எத்தனை பேர்?

இதனினும் பாரதூரமானது 2024 இல் நிகழ்ந்தது. எக்ஸ்.இஸட். என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு மென்பொருள். லினக்ஸ் முறைமைகள் பெரும்பாலானவற்றில் அது உண்டு. அதனை நெடுங்காலம் பராமரித்தவர் ஊதியமின்றி உழைத்த ஒரு தனித் தொண்டர். தமது மன நலக் குறைவை அவர் வெளிப்படையாகவே கூறியிருந்தார். உதவியாளராக வந்த ஒருவர், பயனுள்ள திருத்தங்களை அனுப்பி, ஈராண்டுக்கு மேலாக நம்பிக்கையைச் சம்பாதித்து, வெளியீட்டுப் பொறுப்பையும் பெற்றார். அதன்பின் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் ஒரு கள்ளவாசல் வைக்கப்பட்டது. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் வழியைக் காக்கும் நிரலையே அது ஏமாற்ற வல்லது.

அக்கள்ளவாசல் மறைந்திருந்த இடமே நமது கவனத்துக்குரியது. எல்லோரும் பார்க்கும் மூலநிரல் வரிகளில் அது இல்லை. சோதனைக் கோப்புகள் என்ற போர்வையில் நச்சுத் துண்டுகள் இருந்தன. அவற்றை வெளியே எடுத்து இணைக்கும் வரியோ, வெளியீட்டுப் பொதியிலுள்ள கட்டல் கோவையில் மட்டுமே இருந்தது. டெபியன் வகை அல்லது ரெட் ஹெட் வகைப் பொதியாகக் கட்டப்படும் வேளையிலேயே அது விழித்துச் செயற்பட்டது. ஆயிரக்கணக்கான வரிகள் கொண்ட கொன்ஃபிகர் கோவையை எவரும் படிப்பதில்லை என்பதைக் கயவர் நன்கு அறிந்திருந்தனர். நாம் தொல்லை என்று கண்மூடிக் கடந்து சென்ற இடத்திலேயே அவர்கள் கண்ணியை வைத்தனர்.

அதனைக் கண்டுபிடித்தவர் அன்ட்ரெஸ் ஃபிரொயின்ட் என்னும் பொறியியலாளர். தொலைநுழைவு வழமையைவிட அரைச் செக்கன் அளவு தாமதிப்பதை அவதானித்த அவர், அற்பம் என்று அதனை விட்டுவிடாது காரணத்தைத் தேடிச் சென்று, 2024 மார்ச் 29 இல் உலகுக்கு அறிவித்தார். பரவலாகப் பயன்படும் நிலையான பதிப்புகளை நஞ்சு சென்றடையுமுன் அது தடுக்கப்பட்டது. மூலநிரலும் கட்டல் கோவையும் திறந்திருந்தமையாலேயே அவரால் அவ்வளவு ஆழம் செல்ல முடிந்தது என்பதும், திறந்திருத்தல் மட்டும் போதாது, படிப்பவரும் வேண்டும் என்பதும் இந்நிகழ்விலிருந்து ஒருங்கே பெறப்படும் பாடங்கள்.

இந்த ஆபத்தைக் கென் தொம்சன் நெடுங்காலத்துக்கு முன்னரே சுட்டியிருந்தார். 1984 இல் வெளிவந்த தமது விருதுப் பேருரையில், மூலநிரல் முற்றிலும் தூயதாயிருப்பினும், தொகுப்பி கெட்டிருந்தால் விளையும் மென்பொருளும் கெட்டிருக்கும் என அவர் நிறுவினார். இதற்கு எதிராக இரு முயற்சிகள் வளர்ந்துள்ளன. ஒன்று, 2013 முதல் டெபியன் தொண்டர்கள் முன்னெடுத்த ‘மீளுருவாக்கத்தக்க கட்டல்’. ஒரே மூலநிரலை இருவர் வெவ்வேறு பொறிகளிற் கட்டினால், ஓர் எண்ணும் பிசகாது ஒரே கோப்பே பிறக்கவேண்டும், பிறவாவிடின் ஐயுறவேண்டும். மற்றையது, தொகுப்பியையே அடியிலிருந்து கட்டுதல். க்னூ கீக்ஸ் திட்டத்தினர், மனிதர் வாசித்துச் சரிபார்க்கத்தக்க 357 பைட் அளவேயான ஒரு வித்திலிருந்து படிப்படியாக முழு முறைமையையும் கட்டும் வழியை 2023 இல் அறிவித்தனர். கட்டியெழுப்புதல் என்பது இங்கே வசதிக்கான வேலை என்ற நிலையைக் கடந்து, உண்மையைச் சரிபார்க்கும் முறையாகிவிடுகின்றது.

நமது நாட்டுக்கு இவையெல்லாம் தொலைவான செய்திகள் என எண்ணவேண்டியதில்லை. 2004 டிசெம்பர் 26 ஆந் திகதியின் ஆழிப்பேரலையை அடுத்த நாட்களில், காணாமற்போனோரையும் முகாம்களையும் உதவிப் பொருள்களையும் பதிந்து ஒழுங்குபடுத்தும் சஹானா என்னும் மென்பொருளை இலங்கைத் தொண்டர்கள் உருவாக்கினர். திறந்த மூலமாக வெளியிடப்பட்டமையால், 2005 இற் பாகிஸ்தானின் நிலநடுக்கத்தின்போதும் 2010 இல் ஹெயிட்டியின் நிலநடுக்கத்தின்போதும் அது பயன்பட்டது. 2006 ஆம் ஆண்டுக்கான, சமூகநலத் திட்டங்களுக்குரிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் விருதும் அதற்குக் கிடைத்தது. பேரிடர் நிகழ்ந்த ஊரில், அறியாத ஒருவர் அவசரமாக அமைத்து இயக்கவேண்டிய இத்தகைய மென்பொருளில், நிறுவும் வழி தெளிவாயிருத்தல் என்பது மனித உயிரோடு தொடர்புடைய விடயமாகும்.

வகுப்பறையில் நாம் செய்யத்தக்கது யாது? வழுச் செய்தியைக் கண்டதும் கணினியை மூடும் மாணவர்க்கு அதனை ஒரு வரலாற்றுச் சான்றைப் போல வாசிக்கக் கற்பிக்கலாம். இறுதியில் நிற்கும் வரியை விட்டு, முதலில் தோன்றிய வழுவைத் தேடுக. பின்வருவன பெரும்பாலும் அதன் விளைவுகளே. எந்தக் கட்டத்தில் நின்றது என்று காண்க: தேடும்போதா, தொகுக்கும்போதா, இணைக்கும்போதா, இயக்கும்போதா? பதிவுக் கோப்பைத் திறந்து படிக்க. பழைய எச்சங்கள் கலவாதிருக்கப் புதிய கோப்புறையில் மீண்டும் தொடங்குக. ஒரு முறைக்கு ஒரு மாற்றமே செய்து விளைவைக் குறித்துக்கொள்க. இவை கணினிப் பாடத்துக்கு மட்டும் உரியவை அல்ல என்பதை ஆசிரியர்க்குச் சொல்லவேண்டியதில்லை.

இன்னுமொன்று உண்டு, அதுவே முதன்மையானது. மென்பொருளோடு வரும் நிறுவற் குறிப்பின் ஒவ்வொரு வரியும், என்றோ ஒருநாள் ஒருவர் வழுப்பட்டு நின்று, காரணம் கண்டு, அதனைத் தம்மோடு வைத்துக்கொள்ளாது எழுதியனுப்பியமையாற் கிடைத்தது. நம் மாணவர் ஒருவர் ஒரு வழுவைத் தீர்த்துவிட்டால், அவரது வேலை பாதியே முடிந்தது. எந்தப் பொறியில், எந்தப் பதிப்பில், எது குறைந்தது, எதனைச் செய்தபின் சரியாயிற்று என்பதை நான்கு வரிகளில் எழுதி, அம்மென்பொருளைப் பராமரிப்போர்க்கு அனுப்பவேண்டும். இயலுமாயின் அதே குறிப்பைத் தமிழிலும் எழுதி அடுத்த ஆண்டு வரும் மாணவர்க்கு வைத்துப்போகவேண்டும். எழுத்திலிருக்கும் உரிமை நம் பிள்ளைகளின் கைக்கு வந்து சேர்வது அந்த நான்கு வரிகளின் வழியாகவேயாம்.